குயின்ஸ் குவேயில வாடகைக்குப் போகலாமோ? தீவு விமானநிலையம், துறைமுகம், சத்தம்: தெரிஞ்சவை சொல்லுங்கோ

நெய்தல் | வெள்ளி, 15 நவம்பர் 2024, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ஸ்காபுறோவில 11 வருசமா இருக்கிறம். இவருக்கு இப்ப வேலை டவுன்ரவுனில. போக ஒண்டரை மணித்தியாலம், வர ஒண்டரை. அதால குயின்ஸ் குவே மேற்கில, பதர்ஸ்ட் றோட்டு வந்து முட்டிற இடத்தில ஒரு கொண்டோ பார்த்தம். ஒன்பதாம் மாடி. பல்கனிக் கதவைத் திறந்தால் நேரே ஏரி. ஏரிக்கும் எங்களுக்கும் நடுவில பில்லி பிஷப் விமானநிலையம்.

வீடு காட்டின முகவரைக் கேட்டன். "சின்னப் பிளேன்தான், காத்தாடி மாதிரி" எண்டு சிரிச்சார். நாங்கள் போனது ஒரு ஞாயிறு மத்தியானம், நிண்டது இருபது நிமிசம். அந்த நேரத்துக்குள்ள ரெண்டு ஏறினது. கதவைப் பூட்டினால் கதைக்கலாம், திறந்தால் கொஞ்சம் கத்த வேணும்.

சின்னவளுக்கு மூண்டரை வயசு, வாற செப்ரெம்பர் பள்ளிக்கூடம். அதுவும் விமானநிலைய வாசலுக்குப் பக்கத்திலதான். கீழ லொபியில ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்தது: மின்சாரப் படகு, தண்ணிக்குள்ள குப்பை பிடிக்கிற வாளி, அயலவரோட கூட்டம் எண்டு வடிவான படங்கள். வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குத் தெரிய வேண்டியது வேற. விடிய எத்தினை மணிக்குத் தொடங்கும்? புகை எப்பிடி? நாளைக்கு ஜெட் வந்திடுமோ? அங்க இருக்கிற ஆக்கள் ஆரும் இருந்தால் எழுதுங்கோ.

ஏரிக்கரை_அப்பு | வெள்ளி, இரவு 10:25

பிள்ளை, நான் அந்தப் பக்கம் 18 வருசம். போட்டர் விமானக் கொம்பனி இங்கயிருந்து பறக்கத் தொடங்கின 2006 ஒக்ரோபருக்கு ரெண்டு மாதம் முந்திக் குடிவந்தனான். என்ர யோகத்தைப் பாருங்கோ.

பயணி விமானங்களுக்கு விடிய 6:45 தொடக்கம் இரவு 11 மட்டும்தான் அனுமதி. உங்களுக்கு முன்னால ஏறிறது டாஷ் 8 கியூ400. 'காத்தாடி' எண்டு சொன்ன ஆள் அதின்ர ஆறு இதழ் விசிறியைப் பக்கத்தில நிண்டு கேக்கேல்லைப்போல. ஓடுபாதை கிழக்கு மேற்காக் கிடக்கு. காத்து மேற்கால அடிச்சால் மேற்கு நோக்கி எழும்பி ஏரிக்கு மேல போயிடும், நீங்கள் கவனிக்கவும் மாட்டியள். கிழக்கால அடிக்கிற நாளில துறைமுகத்துக்கு மேல வளைஞ்சு போகேக்கதான் யன்னல் பேசும். கோடையில பல்கனியில இருந்து ரெலிபோன் கதைக்கிறவைக்கு இது பெரிய பிரச்சினை. குளிருக்கு ஆர் பல்கனிக்குப் போறது?

உண்மையில எங்களை வருத்தினது ஏறிற சத்தமே இல்லை. திருத்தின எஞ்சினை நிலத்தில நிண்டபடி முழு வேகத்தில ஓட்டிப் பார்ப்பினம். அது ஏறி மறையிற சத்தமில்லை, ஒரே இடத்தில நிண்டு உறுமிற சத்தம். அயலவை வருசக்கணக்காக் கேட்டு, 2017இலதான் அதுக்கு மூண்டு பக்கமும் சத்தம் உறிஞ்சிற சுவர் வைச்ச கொட்டில் ஒண்டு கட்டினவை. வித்தியாசம் தெரிஞ்சது, இல்லையெண்டு சொல்ல மாட்டன்.

இன்னொண்டு. நடுச்சாமம் 3 மணிக்கு ஹெலி வரும். அது ஓர்ஞ் எண்ட வான் அம்புலன்ஸ். வடக்கால எங்கையோ ஒரு பிள்ளைக்கு ஏலாமல் ஏத்திக்கொண்டு வருவினம். அதுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. அதைப் பற்றி எங்கட கட்டடத்தில ஒருத்தரும் முறைப்பாடு செய்யிறேல்லை. எழும்பி, திரும்பிப் படுப்பம்.

மஞ்சள்_ரக்சி | வெள்ளி, இரவு 11:58

சிப்ற் முடிச்சு வந்து வாசிக்கிறன். ஐரன் குவே வாசலில 14 வருசமா நிக்கிற ஆள் நான். அது ஒரு முட்டுச் சந்து. ஒரு பக்கம் பள்ளிக்கூடமும் சனசமூக நிலையமும், மற்றப் பக்கம் பழைய மோல்ற் ஆலையின்ர சீமெந்துக் குதிர்கள், முன்னால தண்ணி. நாங்கள் வரிசையில நிண்டால் பள்ளிக்கூடத்துக்குக் கரைச்சல், நிக்காட்டி இறங்கி வாற சனத்துக்குக் கரைச்சல். எஞ்சினை நிப்பாட்டி வைக்கச் சொல்லுவினம், சரிதான். ஜனவரியில காருக்குள்ள இருந்து பாத்திட்டுச் சொல்லட்டும்.

ஆனா அக்கா, முந்தின மாதிரிச் சனம் இப்ப இல்லை. 2019இல வருசம் 28 இலட்சம் பேர் வந்து போன இடம். போட்டர் 2023 பெப்ரவரியோட எம்பிரேயர் ஜெட்டுகளை எடுத்துப் பியர்சன் எண்ட பெரிய விமானநிலையத்தில ஓடத் தொடங்கீட்டுது. யூனியன் ஸ்ரேசனில இருந்து ஓசி பஸ்சும் ஓடுது. எங்களுக்கு நட்டம், உங்கட யன்னலுக்கு லாபம்!

தீவு விமானநிலையத்துக்கு ஏத்திப் போற படகைப் பற்றி ஒரு பகிடி. காரைநகர் – ஊர்காவற்றுறைப் பாதையில ஏறின ஆக்களுக்கு இது ஒரு படகே இல்லை. 121 மீற்றர். சைக்கிளை ஸ்ராண்டில விட முந்தி அக்கரை வந்திடும்.

பச்சைமட்டை | சனி, காலை 8:10

பகிடி இருக்கட்டும், அந்தப் படகு டீசலில ஓடினது. மரிலின் பெல் எண்டு பேர். 1954இல 16 வயசில ஒன்ராறியோ ஏரியை நீந்திக் கடந்த பிள்ளையின்ர பேர். 2021இல எஞ்சினைக் கழட்டி லித்தியம் பற்றரி வைச்சு, கரையில நிக்கேக்க சார்ஜ் ஏத்திற மாதிரி மாத்தினவை. விடிஞ்சதில இருந்து நடுச்சாமம் மட்டும் காமணித்தியாலத்துக்கு ஒருக்கா வந்து முட்டிற படகு. அதின்ர புகையும் உறுமலும் இல்லாமல் போனது பக்கத்துக் கட்டடங்களுக்குச் சின்ன விசயமில்லை.

2015இல திறந்த, தண்ணிக்குக் கீழால விமானநிலையத்துக்குப் போற நடை சுரங்கமும் அப்பிடித்தான். அதைத் தோண்டேக்கயே தீவுக்குப் போற நகரசபையின்ர தண்ணிக் குழாயையும் கழிவுக் குழாயையும் சேர்த்து உள்ளால விட்டவை. ஏரியை ரெண்டு தரம் கிண்டத் தேவையில்லாமல் போச்சு. எல்லாத்தையும் விளம்பரம் எண்டு தள்ளிறது நியாயமில்லை.

கணக்குப்பிள்ளை | சனி, காலை 9:32

பச்சைமட்டை தம்பி, படகு 121 மீற்றர் போகுது. அதில இருந்து இறங்கிற ஆள் மொன்றியலுக்குப் பறக்கிறார். எதின்ர புகை கூட எண்டு நீரே சொல்லும்.

நெய்தல், உங்கட மூண்டாவது கேள்விக்கு வாறன், அதுதான் முக்கியம். அந்தத் துண்டுப் பிரசுரத்தில இருக்கிற ஒண்டும் உங்களுக்குப் பாதுகாப்பில்லை. பாதுகாப்பு எண்டு ஒண்டிருக்கெண்டால் அது 1983இல நகரசபை, மத்திய அரசு, அப்பத்தைய துறைமுக ஆணையாளர்கள் எண்டு மூண்டு பகுதியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். அவசர மருத்துவத்தைத் தவிர ஜெட் இறங்கக்கூடாது, ஓடுபாதை நீளக்கூடாது, பாலம் போடக்கூடாது, மொத்தச் சத்தம் வரைபடத்தில கீறின கோட்டைத் தாண்டக்கூடாது. 50 வருசம். 2033இல முடியிறதா இருந்தது.

அந்தத் தாள் எத்தினை தரம் அடி வாங்கிச்சுது எண்டு பாருங்கோ. முதலில, தீவுக்குப் பாலம். 2003 மேயர் தேர்தலே அதிலதான் ஓடினது. பாலம் வேண்டாமெண்டு நிண்ட டேவிட் மில்லர் வெண்டார், நகரசபை பின்வாங்கிச்சுது. கைவிட்ட பாலத்துக்கு 2005இல மத்திய அரசு, விமானநிலையத்தை நடத்திற துறைமுக அதிகாரசபைக்கு 35 மில்லியன் டொலர் குடுத்தது. கட்டாத பாலத்துக்கு! பிறகு 2013 ஏப்ரலில போட்டர், பொம்பார்டியர் சீ சீரிஸ் ஜெட் வாங்கப்போறம், ரெண்டு முனையிலயும் ஏரியை நிரப்பி ஓடுபாதையை நீட்டித் தாங்கோ எண்டு வந்தது. 'நோ ஜெட்ஸ்' பலகை வீட்டுக்கு வீடு. 2015 நவம்பரில புதுசா வந்த போக்குவரத்து அமைச்சர் மார்க் கார்னோ, ஒப்பந்தத்தைத் திறக்கமாட்டம் எண்டு ருவிற்றரில ஒரு வரி போட்டார். ரெண்டரை வருசச் சண்டை ஒரு வரியில முடிஞ்சுது.

இப்ப போன மாதம் நடந்தது: ஓடுபாதை முனை ரெண்டிலயும் விமானம் வழுக்கினால் நிக்க 150 மீற்றர் பாதுகாப்பு இடம் வேணும், 2027 ஜூலைக்குள்ள. அது மத்திய அரசின்ர விதி. அதுக்குச் செலவழிக்கிற காசைத் திருப்பி எடுக்கக் காலம் வேணுமெண்டு கேக்க, நகரசபை ஒப்பந்தத்தை 2045 மட்டும் நீட்ட ஒத்துக்கொண்டுது. ஏரியை ஆகக் குறைவா நிரப்பிற தெரிவைத்தான் எடுத்தவை.

ஆக, ஜெட் தடையும் சேர்ந்துதான் நீளுது. அதே நேரம் விமானநிலையமும் இன்னும் 12 வருசம் கூட இருக்கப்போகுது. ரெண்டையும் சேர்த்து வாசியுங்கோ.

பச்சைமட்டை | சனி, காலை 10:05

சரி, ஒப்பந்தம்தான் வேலி. ஆனா வேலிக்கு ஆரோ காவல் நிக்க வேணுமே. 2010களின்ர தொடக்கத்தில இருந்து அயலவர் தொடர்புக் குழு எண்டு ஒண்டு கூடுது, கூட்டக் குறிப்பு எல்லாம் வெளியில கிடக்கு. அப்பு சொன்ன அந்த எஞ்சின் கொட்டில், சத்தம் வந்த நேரத்தை ஆக்கள் எழுதி எழுதிக் குடுத்ததால வந்தது. ஒப்பந்தத்தில அப்பிடி ஒரு கொட்டிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கணக்குப்பிள்ளை | சனி, காலை 10:21

அது நியாயம். எடுத்துக்கொள்ளுறன். ஆனா இதையும் சேரும்: 1999இல துறைமுக அதிகாரசபை வரேக்க அதை மத்திய அரசின்ர சட்டத்தின் கீழ கொண்டுபோனவை. ஒன்பது பேர் இருக்கிற சபையில நகரசபைக்கு ஒரேயொரு கதிரை. நீங்கள் கூட்டத்தில கதைக்கலாம். வாக்குப் போடிறது வேற ஆக்கள்.

மயிலிட்டியான் | சனி, மத்தியானம் 1:15

வாசிக்க வாசிக்க ஒரு மாதிரி இருக்கு. ஒரு எஞ்சின் கொட்டிலுக்காக ஏழெட்டு வருசம் கூட்டம் வைச்சுக் கதைச்ச ஊர் இது.

நாங்கள் பலாலிக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவில பிறந்தனாங்கள். ஒரு பக்கம் விமானநிலையம், ஒரு பக்கம் துறைமுகம். 1990இல வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டம், பிறகு அது அதியுயர் பாதுகாப்பு வலயம். மயிலிட்டித் துறையைச் சனத்திட்டைத் திருப்பிக் குடுக்க 2017 ஜூலை ஆச்சுது. 27 வருசம். 2019இல பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையம் எண்டு திறந்தவை, 2023இல நாகபட்டினத்துக்குக் கப்பல் விட்டவை. சந்தோசம்தான், நானும் சென்னையால போய் அதிலதான் இறங்கினனான். இறங்கேக்க யன்னலால பாத்தன், எங்கட வளவு எந்தப் பக்கம் எண்டு பிடிபடேல்லை. பனையை வைச்சுத்தான் இடம் பிடிக்கிறது எங்கட பழக்கம். பனை இல்லை.

மஞ்சள்_ரக்சி | சனி, மத்தியானம் 1:40

அண்ணை, என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை.

பிராம்டன்_பாலாஜி | சனி, மதியம் 2:02

பரந்தூர் விமான நிலையத்துக்கு ஏகனாபுரம் மக்கள் 2022லேர்ந்து போராடிட்டு இருக்காங்க. கிராம சபையில தீர்மானத்துக்கு மேல தீர்மானம். கருத்து கேட்டாங்களான்னா, கேட்டாங்க. வேணாம்னு சொன்னாங்க. அதுக்கப்புறமும் வேலை நடக்குது. அதைப் பார்த்துட்டு இங்க வந்தா, 1983ல போட்ட கையெழுத்துக்கு ஒரு அமைச்சர் கட்டுப்படுறார்ங்கறதே எனக்கு ஆச்சரியமா இருக்கு.

மட்டுறுத்துனர் | சனி, பிற்பகல் 2:30

பலாலி, பரந்தூர் இரண்டுக்கும் தனித் திரிகள் உள்ளன. மயிலிட்டியானின் பதிவை அப்படியே விடுகிறோம். இனி நெய்தலின் கேள்விக்கு வாருங்கள்.

ஏரிக்கரை_அப்பு | சனி, பின்னேரம் 4:15

மயிலிட்டியான் தம்பி, இந்தத் தீவுக்கும் ஒரு கதை இருக்கு. மிசிசாகாஸ் ஒவ் த கிரெடிற் எண்ட முதற்குடிச் சனத்துக்கு இது நோய் மாத்திற புனித இடம். 18ஆம் நூற்றாண்டில ரொறன்ரோவை 'வாங்கின' கணக்கு 2010இலதான் தீர்ந்தது, 145 மில்லியன் டொலருக்கு. பிறகு 1930களின்ர கடைசியில, இந்த விமானநிலையம் கட்ட ஹான்லன்ஸ் பொயின்ரில இருந்த வீடுகளைக் கழட்டாமல் முழுசா தெப்பத்தில ஏத்தி அல்கொன்குவின் தீவுக்கு இழுத்துக்கொண்டு போனவை. வீட்டோட போக விட்டவை, அதுதான் வித்தியாசம்.

(பேஸ்போல் பைத்தியங்களுக்கு: பேப் ரூத் தொழில்முறை ஆட்டக்காரரா முதல் ஹோம் ரன் அடிச்சது அந்த ஹான்லன்ஸ் பொயின்ர் மைதானத்திலதான், 1914இல.)

கப்பல்_சிவா | சனி, இரவு 7:50

தலைப்பில துறைமுகம் எண்டு போட்டிட்டு எல்லாரும் ஆகாயத்தைப் பாக்கிறியள். நான் 22 வருசம் கப்பலில எஞ்சின் அறையில நிண்டவன், சொல்லாமல் விடேலாது.

ரொறன்ரோத் துறைமுகம் கொழும்பு மாதிரி இல்லை, கொண்டெயினர் மலை இல்லை. சீனி, சீமெந்து, பனிக்குக் கொட்டிற உப்பு. ஜார்விஸ் றோட்டு அடியில ரெட்பாத் சீனி ஆலை 1959இல இருந்து நிக்குது, செயின்ற் லோறன்ஸ் கடல்வழி திறந்த அதே வருசம். காத்து ஏத்தபடி அடிச்சால் சீனிப்பாகு மணக்கும். எங்கட ஊர்க் கருப்பட்டி மாதிரி வராது, எண்டாலும் மணம் மணம்தான். ஒரு கப்பல் 25,000 தொன் கொண்டுவந்தால், லொறிக்கு 35 தொன் எண்டு பிரிச்சுப் பாருங்கோ: எழுநூறு லொறி. அது கார்டினர் நெடுஞ்சாலையில ஓடாமல் இருக்கிறது கப்பலாலதான். வசந்தத்தில கடலால வாற முதல் கப்பலின்ர கப்டனுக்கு ஒரு பழைய பட்டுத் தொப்பி வைச்சு விடுற சடங்கும் இருக்கு, 1861இல இருந்து.

ஆனா இந்தத் துறைமுகம் சூழலுக்குச் செய்த ஆகப் பெரிய நன்மை ஆரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. லெஸ்லி ஸ்பிற் தெரியும்தானே? கடல்வழி திறந்தால் கப்பல் குவியும் எண்டு நினைச்சு, அலைதாங்கிக்காக ஏரிக்குள்ள இடிஞ்ச கட்டடக் கல்லைக் கொட்டிக் கொட்டி 5 கிலோமீற்றர் நீட்டினவை. கப்பல் குவியேல்லை. கல்லுக்கு மேல தானா பொப்லர் முளைச்சுது, பறவை வந்துது. எழுபதுகளில ஹோட்டல், மெரினா, அரங்கு எண்டு படம் கீறிக்கொண்டு வரேக்க, 1977இல சனம் ஒரு சங்கம் கட்டி ஒரேயொரு கோரிக்கை வைச்சுது: தயவுசெய்து ஒண்டும் செய்யாமல் விடுங்கோ. இண்டைக்கும் அந்தச் சங்கம் இருக்கு. நீர்க்காகம் ஆயிரக்கணக்கில கூடு கட்டுது. டொன் ஆறு கொண்டுவாற சேத்தை வருசா வருசம் கீற்றிங் கால்வாயில தோண்டி அங்க இருக்கிற குளங்களில கொட்டுறவை. நிரம்பின குளத்துக்கு மண் மூடி, அதில இப்ப நாணலும் ஆமையும்.

சனி ஞாயிறில கூட்டிக்கொண்டு போங்கோ பிள்ளையை. மற்ற நாளில பகலில லொறி ஓடும், விட மாட்டினம்.

கயல்_2004 | ஞாயிறு, காலை 11:20

வணக்கம். நான் இங்க பிறந்த பிள்ளை, தமிழ் எழுதப் பழகிறன். பிழை இருந்தால் மன்னியுங்கோ.

அந்தக் குப்பை வாளி (சீபின்) பற்றி எனக்குத் தெரியும். 2019இல வெளித் துறைமுக மெரினாவில வைச்சவை, ரொறன்ரோ பல்கலைக்கழகக் குப்பை ஆய்வுக் குழுவோட சேர்ந்து. நான் மாணவியாக் கொஞ்ச நாள் எண்ணப் போனன். வாளி தண்ணி மட்டத்துக்கு மிதக்கும், கீழ பம்ப் தண்ணியை இழுக்கும், பைக்குள்ள குப்பை நிக்கும். அதைக் கொட்டி, இலையை ஒதுக்கி, சாமணத்தால ஒவ்வொண்டா எடுத்து எண்ண வேணும். போத்தல் மூடி, ஸ்ரைரோபோம் துண்டு, சிகரெட் அடி. எனக்கு மனசில நிண்டது சின்ன வெள்ளை மணி. ஜவ்வரிசி மாதிரி. அது ஆரும் றோட்டில எறிஞ்ச குப்பை இல்லை, பிளாஸ்ரிக் சாமான் செய்யிற மூலப்பொருள். எங்கையோ ஏத்தி இறக்கேக்க சிந்தி, மழைத்தண்ணிக் கானால ஏரிக்கு வருது. வாளி ஏரியைத் துப்புரவாக்காது, ஏரி பெரிசு. ஆனா எண்ணினால் ஆர் சிந்தினது எண்டு தேடிப் போகலாம்.

இன்னொண்டு. 2009 மே மாதம் வன்னி யுத்தத்தை நிப்பாட்டச் சொல்லி எங்கட சனம் கார்டினரில ஏறி நிண்டது. எனக்கு அஞ்சு வயசு, அம்மா தூக்கி வைச்சிருந்தவ. அதுக்குக் கீழதான் இந்த விமானநிலையத்துக்குத் திரும்பிற றோட்டு. ஏரிக்கரைக் கூட்டத்துக்கு நான் ரெண்டு தரம் போனன். என்னைத் தவிர ஒரு தமிழ் முகமும் இல்லை. ரக்சி அங்கிள்மார் வெளியில நிண்டவை, உள்ள ஒருத்தரும் வரேல்லை.

மஞ்சள்_ரக்சி | ஞாயிறு, மத்தியானம் 12:15

மகள், கூட்டம் பின்னேரம் வைக்கிறவை. அது எங்களுக்கு ஆகலும் ஓட்டம் இருக்கிற நேரம். உள்ள வந்தால் ஒரு வரிசை போச்சு, முப்பது டொலர் போச்சு. ஆனா நீ சொன்னது குத்துது. அடுத்த கூட்டம் எப்ப எண்டு ஒருக்காப் போட்டு விடு.

கயல்_2004 | ஞாயிறு, மத்தியானம் 12:31

போடுறன் அங்கிள். ரக்சி வரிசையைப் பற்றித்தான் எல்லாரும் கதைச்சவை, நிக்கிற ஆள் ஒருத்தரும் இல்லாமல்.

நெய்தல் | புதன், இரவு 8:45

எல்லாருக்கும் நன்றி, குறிப்பா மயிலிட்டியான் அண்ணைக்கு. நானும் அளவெட்டி.

ஞாயிறு மத்தியானக் கணக்கை நம்பாமல், நேற்று விடிய வெள்ளண 6:20க்கு இவரும் நானும் அந்தக் கட்டடத்துக்குக் கீழ போய், லிற்றில் நோர்வே பூங்கா வாங்கில தேத்தண்ணிப் போத்தலோட இருந்தம். இருட்டு. படகு ஒரு சத்தமும் இல்லாமல் வந்து முட்டினது, கதவு திறக்கிற கிறீச்சு மட்டும்தான் கேட்டது. 6:45 வந்தது, ஒண்டும் இல்லை. இவர் "பாரும், ஒண்டுமில்லை" எண்டு சொல்ல வாயெடுக்க, ஏழு மணிபோல முதலாவது எழும்பினது. சொன்னது எனக்குக் கேக்கேல்லை. பிறகு எட்டு மணிக்குள்ள ஒன்பது எண்ணினன். காத்து எந்தப் பக்கம் எண்டும் பாத்தம், கிழக்கு.

வீட்டுக்காரரிட்டை ஒரு வருசத்துக்கு மட்டும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறம், படுக்கை அறை வடக்குப் பக்கம் இருக்கிற வீட்டை. ஏரி தெரியாது. மாதம் 140 டொலர் குறைவு.

ஏரிக்கரை_அப்பு | புதன், இரவு 9:02

வடக்குப் பக்கம் கார்டினர், பிள்ளை. அதையும் ஒருக்கா விடிய வந்து கேளுங்கோ.